கண்கட்டி என்று நினைத்தோம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)



கண்ணிமையில் சிறு கட்டி ஒன்று புறப்பட்டால் நம் வீடுகளில் யாரும் பதறுவதில்லை. உள்ளங்கையில் விரலைச் சூடு பறக்கத் தேய்த்து ஒத்தி எடுப்பார்கள். நாமக்கட்டியை உரைத்துத் தடவுவார்கள். சில நாளில் கட்டி அமுங்கிவிடும். கண்கட்டிக்குப் போய் யாராவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சை நம்பி ஓர் ஆண்டுக் காலத்தைக் கோட்டைவிட்ட குடும்பம் எங்களுடையது. அதில் என் பங்கும் உண்டு. அதனால்தான் இவ்வாண்டு மலருக்குக் கவிதை கேட்ட ஆசிரியரிடம், "ஐயா, நான் ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன்" என்றேன்.

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா நான்காம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அப்பத்தாவுக்கு அதுவும் வராது. ஆகவே ரேஷன் கடை மனுவாயினும் மாத்திரை அட்டையாயினும் என் கைக்குத்தான் வரும். "சயின்சு படிக்கிற பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார் அப்பத்தா. படித்தவன் என்ற பெயர் எவ்வளவு பெரிய சுமை என்பதை நான் உணர்ந்தது பின்னால்தான்.

நான் பிளஸ் டூ முடித்த கோடையில் அப்பத்தாவின் வலது மேல் இமையில் மிளகு அளவில் ஒரு கட்டி தோன்றியது. வலி இல்லை. அப்போது அவருக்கு வயது 68. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். நாமக்கட்டியில் அமுங்காததால் பக்கத்து ஊரில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். இமையைத் திருப்பி, உட்புறத்தில் கீறி, சிறு கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுத்தார். சுரண்டியதைப் பஞ்சில் துடைத்து வாளியில் போட்டார். பதினைந்து நிமிட வேலை. மூன்று மாதத்தில் அதே இடத்தில் மீண்டும் கட்டி. மீண்டும் அவரிடமே போனோம். மீண்டும் பஞ்சு, மீண்டும் வாளி.

மூன்றாம் முறை கட்டி வந்தபோது நான் இங்கே முதலாண்டில் சேர்ந்திருந்தேன். நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல அப்பத்தா, இமையில எண்ணெய்ச் சுரப்பி அடைச்சுக்கிட்டா இப்படித்தான் வரும். கலேசியான்னு பேரு" என்று விளக்கம் சொன்னேன். "அந்த இடத்துல முடி கொட்டுதே அப்பு" என்றார். "வயசானா கொட்டாதா?" என்றேன். டாக்டரின் சொல்லைவிட என் சொல்லை நம்பினார். இன்னும் நான்கு மாதம் போயிற்று. அந்த ஒரு வரியை நான் கவனித்திருக்க வேண்டும்.

நான் சொன்னதில் பாதி உண்மைதான். அந்தப் பாதியை முதலில் விளக்கிவிடுகிறேன்.

நம் இமைகளின் ஓரத்தில், மேலே சுமார் 30 முதல் 40 வரையும் கீழே சுமார் 20 முதல் 30 வரையும், எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் வரிசையாக நிற்கின்றன. 1666-ஆம் ஆண்டில் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் மைபோம் என்பவரின் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படும். கண்ணீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றை இவை பரப்பி வைப்பதால்தான் கண்ணீர் விரைவில் ஆவியாகாமல் நிற்கிறது. இவற்றில் ஒன்றின் வாய் அடைபட்டால் உள்ளே எண்ணெய் தேங்கி, அதைச் சுற்றி அழற்சி உண்டாகிக் கட்டியாகிறது. அதுதான் கலேசியான். சூடான ஒத்தடம் கொடுத்தால் உறைந்த எண்ணெய் இளகும் என்று மருத்துவர்களும் சொல்வதால், உள்ளங்கையில் விரலைத் தேய்த்த நம் பாட்டிமார்களை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை.

ஆனால் அதே சுரப்பியிலேயே புற்றுநோயும் தோன்றலாம். அதற்கு செபேஷியஸ் கார்சினோமா என்று பெயர். எண்ணெய்ச் சுரப்பிப் புற்று என்று சொல்லிக்கொள்வோம். உடலில் எண்ணெய்ச் சுரப்பி உள்ள எங்கும் இது வரக்கூடுமாயினும், மிகுதியாக வருவது கண்ணிமையில்தான். கீழ் இமையைவிட மேல் இமையில் சுரப்பிகள் அதிகம். நோயும் அங்கேதான் அதிகம். பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டியோ கடந்தோ வருகிறது. முகத்தில் வரும் தோல் புற்றுகளில் இது அரிதானது. மேலை நாடுகளில் இமையில் வரும் புற்றுகளில் பத்தில் ஒன்பது பங்கு, வெயிலால் வெள்ளைத் தோலுக்கு வரும் பேசல் செல் கார்சினோமா என்னும் வகையே; எண்ணெய்ச் சுரப்பிப் புற்று நூற்றுக்கு ஐந்துக்குள்தான் அடங்கும். நம் நாட்டில் கணக்கு வேறு. இந்திய மருத்துவமனைகள் வெளியிட்ட பல ஆய்வுகளில் இமைப் புற்றுகளில் மூன்றில் ஒரு பங்கும், சிலவற்றில் பாதிக்கு மேலும் இந்த வகையாகவே இருக்கக் காண்கிறோம். இமைப் புற்று என்பதே மொத்தத்தில் அரிது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் வந்தால், மேலை நாட்டுப் புத்தகம் சொல்லும் விகிதத்தை நம்பி நாம் இருந்துவிட முடியாது.

இந்த நோயின் சூழ்ச்சியே மாறுவேடம்தான். வலிக்காது. கலேசியான் போலவே உருண்டையாக இருக்கும். சில சமயம் கட்டியாகவே இராமல், ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்து, இமை தடித்து, சொட்டு மருந்துக்கு அடங்காத கண்வலி போல நடிக்கும். இதனால் கண்டுபிடிக்க ஓராண்டும் அதற்கு மேலும் தாமதமாவது உலகம் முழுவதும் உள்ள அனுபவம். இருந்தாலும் அது விட்டுச்செல்லும் தடயங்கள் உண்டு. எடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வருவது ஒன்று. இமை ஓரத்தின் வடிவம் கெடுவதும் கட்டி மஞ்சள் நிறமாகத் தெரிவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இடத்து இமை முடி உதிர்ந்துபோவது. முடியின் வேரைப் புற்று அரித்துவிடுவதால் அப்படி ஆகிறது. "முடி கொட்டுதே அப்பு" என்று எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா சொன்னது ஒரு முக்கியமான நோய்க்குறி. அதைத் தள்ளியவன் அறிவியல் மாணவன்!

கடைசியில் அத்தைதான் பிடிவாதமாக அவரை நகரத்துக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே ஒரு பெண் மருத்துவர் இமையைத் திருப்பிப் பார்த்தார். காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் விரல்களால் அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு முன்னாடி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினாங்களா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு முறை வாளிக்குப் போன அந்தப் பஞ்சில்தான் விடை இருந்திருக்கிறது.

கண்ணால் பார்த்து இது கலேசியான், இது புற்று என்று உறுதி சொல்ல எந்த நிபுணராலும் முடியாது. திசுவைத்தான் கேட்க வேண்டும். மருத்துவர் இமையிலிருந்து ஒரு துண்டை முழுக் கனத்துக்கும் வெட்டி எடுத்தார். மேலாகச் சுரண்டினால் ஆழத்தில் இருப்பது தப்பிவிடுமாம். இமையின் உட்புறத்தையும் விழியையும் போர்த்தியிருக்கும் கன்ஜங்டைவா என்னும் மெல்லிய படலத்தில் பல இடங்களிலிருந்து ஊசிமுனை அளவுத் துணுக்குகளையும் எடுத்து, எந்தத் துணுக்கு எந்த இடம் என்று ஒரு கண்ணின் படத்தில் குறித்துக்கொண்டார். இது ஏன் என்பது பின்னால் விளங்கும்.

ஐந்தாம் நாள் அறிக்கை வந்தது. அப்பா அதை என்னிடம் நீட்டினார். "செபேஷியஸ்" என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு நினைவு வந்தது என் செய்முறைப் பதிவேடு. முந்தின வாரம்தான் தோலின் குறுக்குவெட்டை வரைந்து, அதில் செபேஷியஸ் சுரப்பிக்கு அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருந்தேன். அதற்கு அடுத்த சொல்லை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நெடுநேரம் நின்றேன்.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி. சுரப்பியின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் கண்டபடியே வெள்ளை வெள்ளையான ஓட்டைகளுடன் வரைந்திருந்தேன். "ஏன் தம்பி காலியாக இருக்கிறது? உள்ளே என்ன இருந்தது?" என்று கேட்டார் எங்கள் பேராசிரியர். விழித்தேன். அரை மதிப்பெண் போயிற்று. விடை இதுதான்: திசுவை மெழுகில் பதிப்பதற்குமுன் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊற வைக்கிறோம் அல்லவா? அவை கொழுப்பைக் கரைத்துவிடுகின்றன. எண்ணெய் போய்விட, அது இருந்த பள்ளம் மட்டும் நுரைக் குமிழி போல மிஞ்சுகிறது. எண்ணெய்ச் சுரப்பிப் புற்றை நோய்க்குறியியல் வல்லுநர்கள் அடையாளம் காண்பதும் இந்த நுரைத் தோற்றத்தைக் கொண்டே. ஐயம் இருந்தால் திசுவை மெழுகுக்கு அனுப்பாமல் உறைய வைத்துச் சீவி, 'ஆயில் ரெட் ஓ' என்னும் சாயத்தை ஊற்றுவார்கள். கொழுப்பு சிவப்பாகத் தெரியும். அதற்கு, ஐயம் இருப்பதை அறுவை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஆல்கஹாலில் முக்கியபின் சொல்லிப் பயனில்லை. இப்போது கொழுப்புத் துளியைச் சூழ்ந்துள்ள புரதத்தையே கண்டறியும் நோயெதிர்ப்புச் சாயங்களும் வந்துவிட்டன.

நல்ல சுரப்பியில் ஒவ்வோர் உயிரணுவும் எண்ணெயால் நிரம்பி, வெடித்து, தானே சுரப்பாகி அழிகிறது. 'ஹோலோகிரைன்' என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நாம் மனப்பாடம் செய்வது இதைத்தான். புற்றாக மாறிய உயிரணுக்கள் அந்த ஒழுங்கை மீறிப் பெருகிக்கொண்டே போகின்றன.

இனி அறுவை மருத்துவம். கட்டியை வெட்டி எடுப்பது பெரிய வித்தை அல்ல. வெட்டிய விளிம்புக்கு அப்பால் ஒன்றும் மிஞ்சவில்லை என்று உறுதி செய்வதுதான் வித்தை. வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலே உள்ளதைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். ஒரு கிழங்கு போதும், பத்து நாளில் பச்சை கட்டிவிடும்.

வெட்டிய துண்டை வழக்கமாக ரொட்டியை நறுக்குவதுபோல் வில்லை வில்லையாகச் சீவி, சில வில்லைகளை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இரண்டு வில்லைகளுக்கு நடுவே புற்றின் வேர் ஒன்று ஓடியிருந்தால் தெரியாது. இப்படிப் பார்க்கும்போது மொத்த விளிம்பில் நூற்றில் ஒரு பங்கைக்கூட நாம் பார்ப்பதில்லை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் குறையை நீக்கியவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரடெரிக் மோஸ். அவர் கதை விலங்கியல் மாணவர்களாகிய நாம் பெருமை கொள்ளத் தக்கது. மாணவராக இருந்தபோது அவர் வேலை பார்த்தது மைக்கேல் கையர் என்னும் விலங்கியல் பேராசிரியரிடம். எலிகளின் புற்றுக் கட்டியில் பல இரசாயனங்களைச் செலுத்திப் பார்க்கும் ஆராய்ச்சி. துத்தநாகக் குளோரைடு திசுவைக் கொன்றும், அதன் நுண்ணமைப்பைக் கெடாமல் நிறுத்தி வைப்பதைக் கண்டார். அதைப் பசையாக்கி நோயாளியின் கட்டிமேல் தடவி, மறுநாள் மெல்லிய அடுக்காக வெட்டி எடுத்து, அடுக்கின் அடிப்புறம் முழுவதையும் நுண்ணோக்கியில் பார்த்தார். எங்கே புற்று மிஞ்சியிருக்கிறதோ அங்கே மட்டும் மீண்டும் பசை, மீண்டும் அடுக்கு. 1936-இல் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கி 1941-இல் வெளியிட்டார்.

அடிப்புறம் முழுவதையும் எப்படிப் பார்ப்பது? ஆப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குழிந்திருக்கும் ஆப்பத்தை இலையில் போட்டுத் தட்டையாக அமுக்கினால் அதன் ஓரமும் அடியும் ஒரே தளத்தில் படிந்துவிடும். வெட்டிய திசுவையும் கிண்ணம்போல் எடுத்து, அப்படியே தட்டையாக்கி உறையவைத்து, அடிப்புறத்திலிருந்து கிடையாகச் சீவினால், ஒரே தகட்டில் விளிம்பு முழுவதும் வந்துவிடுகிறது. எளிய யோசனை, ஆனால் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

பசை வைத்தால் கடுமையாக வலிக்கும், நாளும் ஆகும். 1953-இல் இமைப் புற்று ஒன்றைத் திரைப்படமாக எடுத்தபோது, நேரத்தை மிச்சப்படுத்த மோஸ் பசையை விட்டுவிட்டு மரத்துப்போகும் ஊசி போட்டுப் புதுத் திசுவையே வெட்டினார். 1974-இல் டிரொமோவிச், ஸ்டெக்மன் என்னும் இருவர் இந்தப் பசையில்லா முறையை முகப் புற்றுகளுக்கு வெற்றியாகச் செய்து வெளியிட்டபின் அதுவே வழக்கமாயிற்று.

ஆனால் எண்ணெய்ச் சுரப்பிப் புற்று, மோஸ் முறைக்கும் சில சமயம் கண்ணைக் கட்டிவிடுகிறது. இது வேர்போல ஒரே தொடராக ஓடுவதில்லை. கன்ஜங்டைவாவின் மேலடுக்குக்குள் தனித்தனி உயிரணுக்களாகச் சிதறிப் பரவும். நடுவில் நல்ல இடத்தை விட்டுத் தாண்டிப்போய் வேறோர் இடத்திலும் முளைத்திருக்கும். விளிம்பு சுத்தம் என்று வந்தாலும் அதற்கு அப்பால் இல்லை என்று முடிவு கட்ட இயலாது. அந்த ஊசிமுனைத் துணுக்குகளும் படமும் இதற்காகத்தான். உறைய வைத்த திசுவில் இந்தச் சிதறல் தெளிவாகத் தெரியாது என்பதால், விளிம்புகளை மெழுகில் பதித்துச் சில நாள் பொறுத்துப் பார்த்து, சுத்தம் என்று உறுதியான பின்பே இமையை மூடித் தைப்பவர்களும் உண்டு. அப்பத்தாவுக்குச் செய்தது அந்த முறை. கட்டியைச் சுற்றி 5 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்தார்கள். நல்வாய்ப்பாகத் துணுக்குகள் ஒன்றிலும் புற்று இல்லை. கண்குழிக்குள் பரவியிருந்தால் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இதை அச்சில் படித்தால்தான் அப்பாவுக்கே தெரியும்.

புற்று போனது; மேல் இமையில் பாதிக்கு மேல் போயிருந்தது. இமை மூடாத கண் உலர்ந்து குருடாகிவிடும். இங்கே பயன்பட்டது கட்லர், பியர்டு என்னும் இருவர் 1955-இல் விவரித்த முறை. கீழ் இமையின் ஓரத்தை ஒரு பாலம்போல் விட்டுவிட்டு, அதற்குக் கீழே தோலும் தசையும் படலமுமாக ஒரு மடலை வெட்டி, பாலத்துக்கு அடியில் நுழைத்து மேலே இழுத்து, மேல் இமையின் இடைவெளியில் தைத்துவிடுகிறார்கள். இரத்த ஓட்டம் கீழேயிருந்தே வந்துகொண்டிருக்கும். மடல் புது இடத்தில் ஒட்டிப் பிழைக்க ஆறு முதல் எட்டு வாரம் கண் மூடியே இருக்கும். பிறகு மடலை அறுத்து, மேலே ஒரு புது இமையை விட்டு, மிச்சத்தைக் கீழே சேர்த்துவிடுவார்கள். நெல் நாற்றை ஒரு கையால் வேரோடு பிடித்துக்கொண்டே மறுகையால் நடுவதுபோல் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த ஏழு வாரமும் அப்பத்தா ஒற்றைக் கண்ணோடு திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்தார். "நாத்துப் பறிக்க ஒரு கண்ணு பத்தாதா? வேலைக்குப் போறேன்" என்று தினமும் அத்தையோடு சண்டை. அறுத்துத் திறந்த அன்று முதலில் கேட்டது, "முடி மொளைக்குமா?" என்று. முளைக்காது. அவருடைய வலது மேல் இமையில் இன்று முடி கிடையாது, கொஞ்சம் தடித்திருக்கும். ஆனால் மூடுகிறது, திறக்கிறது, பார்க்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை போகிறோம். இந்தப் புற்று நிணநீர் வழியே காதுக்கு முன்னால் உள்ள கணுக்களுக்குப் போகக்கூடும் என்பதால் அங்கே நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்கள். இதுவரை இல்லை. குடலிலும் வேறு உறுப்புகளிலும் புற்று வரக்கூடிய பரம்பரைக் கோளாறு ஒன்றோடு இந்த நோய் சிலருக்குச் சேர்ந்து வரும் என்பதால், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்றும் விசாரித்துக்கொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளை தம் கண்கட்டியைப் பார்த்து அஞ்ச வேண்டாம். நம் வயதில் வருவது அநேகமாகக் கண்கட்டியேதான். ஆனால் வீட்டில் வயதானவர்களுக்கு எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தால், முடி உதிர்ந்தால், எடுத்ததை வாளியில் போட விடாதீர்கள். ஃபார்மலின் புட்டியில் போட்டு அனுப்புங்கள் என்று கேளுங்கள். கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

சென்ற முறை போனபோது, நான் விலங்கியல் படிப்பதைக் கேட்ட நோய்க்குறியியல் மருத்துவர், அப்பத்தாவின் திசுத் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். கருநீல உட்கருக்கள் தாறுமாறாக நெருங்கிக் கிடந்தன. அவற்றைச் சுற்றிலும் வெள்ளைக் குமிழிகள். பேருந்தில் திரும்பும்போது அப்பத்தா கேட்டார்:

"அது பாக்க எப்புடி இருந்துச்சு அப்பு?"

"நுரை மாதிரி இருந்துச்சு அப்பத்தா."

"சோறு கொதிக்கையில பொங்கி வருமே, அது மாதிரியா?"

"ஆமா, அதே மாதிரிதான்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கா இம்புட்டுச் செலவு?" என்றார்.